பழைய கார்களில் எர்த் பழுது

காரின் பேட்டரியில் ஒரு முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். வயர் வழியே விளக்குக்குச் செல்லும் மின்னோட்டம் உடல் வழியே திரும்புகிறது. இதுவே எர்த். பழைய வண்டிகளில் இந்த இணைப்புகளில் துரு ஏறி, திரும்பும் வழி தடைபடும். பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால், பல்பை மாற்றுவது வீண்செலவு. முதலில் பின்விளக்கின் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை விளக்கின் உலோகக் கூட்டிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் இணைப்பு சரியில்லை. விளக்கு அணைந்திருந்தால் இச்சோதனை பயன்படாது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரித்தானியக் கார்களில் நேர்முனையே எர்த் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்குத் தனி எர்த் பட்டை உண்டு. அது அறுந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் மெல்லிய ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்பக்கூடும். கேபிள் சூடேறிப் புகையும். ஸ்டார்ட்டர் வயரில் பெரும்பாலும் ஃபியூஸ் இராது. எனவே தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, இணைப்பிடத்தை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக முடுக்கியபின் வாசலின் பூசலாம்.