சொல்லக் கூசும் அவசரம்

உயிருக்கு அபாயம் செய்யாதிருந்தும், மனிதனுடைய நித்திரையையும் பிரயாணத்தையும் நாலுபேர் நடுவே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் சுகத்தையும் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டு, வெளியே சொல்ல வெட்கப்படும் காரணத்தினாலேயே வருஷக்கணக்கில் நீடிக்கும் உபாதைகள் சில உண்டு. சிறுநீர்ப்பை மிகைச் செயல்பாடு என்று வைத்தியர்கள் குறிப்பிடுவது அவற்றுள் பிரதானமானது.

வயது வந்தவரின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். சிறுநீர் சேரச் சேர, பையின் தசைச்சுவர் இறுக்கமின்றி விரிந்து இடம் கொடுப்பதும், வாயிலிலுள்ள சுருக்குத்தசை மூடியே நிற்பதும், உரிய இடமும் வேளையும் வாய்க்கும் வரையில் மூளை பைச்சுவரின் தசையை அடக்கி வைத்திருப்பதும் இயற்கையின் ஏற்பாடு. இந்த அடக்கம் தளர்ந்தாலோ, தசையே எளிதில் கிளர்ச்சியுறும் சுபாவத்தை அடைந்தாலோ, பை பாதி நிறைவதற்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். வெளியே போய் வந்தவர் வீட்டு வாசலில் நின்று பூட்டில் சாவியை நுழைக்கும்போதோ, குழாயில் தண்ணீர் விழும் ஓசை காதில் பட்ட மாத்திரத்திலோ, அதுவரை இல்லாத அவசரம் திடீரென்று மேலிட்டு, கழிவறையை எட்டுவதற்குள் துணி நனைந்துபோவதும் உண்டு. அடக்க முடியாத இந்த அவசர உணர்ச்சியே நோயின் முக்கிய லட்சணம் என்றும், பகலில் அடிக்கடி போவதும் இரவில் விழித்தெழுவதும் பெரும்பாலும் இதனுடன் சேர்ந்தே வருமென்றும், கசிவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றும் இத்துறை நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் 2002ஆம் ஆண்டில் வரையறுத்தது.

இது எங்கோ சிலருக்கு மட்டும் நேரும் துரதிர்ஷ்டம் என்று எண்ணுவோருக்கு, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன், பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகளில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 16,776 பேரை விசாரித்து 2001இல் வெளியான ஆராய்ச்சி தக்க விடையளிக்கிறது. அவர்களில் 16.6 சதவீதத்தினர், அதாவது ஆறில் ஒருவர், இதற்கு ஆளாகியிருந்தனர். ஆண்களில் 15.6, பெண்களில் 17.4 என்று விகிதமும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. ஆயினும் கசிவென்று வரும்போது பெண்களின் சிரமமே அதிகம். அமெரிக்காவில் 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், அவசரத்தோடு கசிவும் உடையவர்கள் பெண்களில் 9.3 சதவீதமாகவும் ஆண்களில் 2.6 சதவீதமாகவும் இருந்தனர்.

அபாயத்தை அதிகரிக்கும் காரணங்களில் முதலாவது வயது. ஆண்களுக்கு வீங்கிய புராஸ்டேட் சுரப்பி சிறுநீரின் பாதையை நெருக்குவதும், பெண்களுக்குப் பிரசவத்தினால் இடுப்புத்தளத் தசைகள் தளர்வதும் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் இதற்குத் துணை செய்கின்றன. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தண்டுவடக் காயம் முதலியவை மூளைக்கும் பைக்கும் இடையேயுள்ள நரம்புத் தொடர்பைக் குலைக்கின்றன. நீரிழிவு, நரம்புகளைப் பழுதாக்குவதோடு சிறுநீரின் அளவையும் பெருக்குகிறது. மலச்சிக்கலும், மிதமிஞ்சிய காப்பியும் தேநீரும் உபாதையை வளர்க்கக்கூடும். உடற்பருமனோ வயிற்றின் பாரத்தைப் பையின்மேல் ஏற்றுகிறது. கசிவினால் வருந்திய பருமனான பெண்கள் 338 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், உணவாலும் உடற்பயிற்சியாலும் எடையில் சராசரியாக 8 சதவீதத்தைக் குறைத்தவர்களுக்கு, வாரந்தோறும் நேரும் கசிவு 47 சதவீதம் குறைந்தது. உபதேசம் மட்டும் கேட்டவர்களுக்குக் குறைந்தது 28 சதவீதமே.

இவ்வளவு பரவலான உபாதைக்குச் சிகிச்சை இல்லாமலில்லை. அவசரம் வந்ததும் ஓடாமல் சில நிமிஷங்கள் பொறுத்து, அந்த இடைவெளியை வாரத்துக்கு வாரம் நீட்டிக்கொண்டு போகும் பழக்கமும், இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியும் முதற்படி. அவை போதாதபோது மருந்துகள் இருக்கின்றன. அப்படியிருந்தும், மேற்சொன்ன ஆறு நாடுகளில் வைத்தியரை நாடியவர்கள் 60 சதவீதம், அப்போது சிகிச்சை பெற்றுவந்தவர்கள் 27 சதவீதமே என்பது மிகவும் வருந்தத்தக்கது. வயதானால் இப்படித்தான் என்ற தவறான அபிப்பிராயமும் லஜ்ஜையும் சேர்ந்து, தீரக்கூடிய துன்பத்தைத் தீராததாக்கிவிடுகின்றன. வெளியில் போகும் நாளில் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவதும் பரிகாரமாகாது; சிறுநீர் செறிவடைந்து எரிச்சலூட்டவும், மலச்சிக்கலை வரவழைக்கவுமே அது உதவும்.

ஆகையால், இத்தகைய அவசரத்தால் வருந்துபவர்கள், எப்பொழுது என்ன குடித்தோம், எத்தனை முறை எழுந்தோம், எவ்வளவு கழிந்தது என்று மூன்று நாட்களுக்கு ஒரு காகிதத்தில் குறித்து எடுத்துக்கொண்டு, தயக்கமின்றி வைத்தியரிடம் போகவேண்டும். எரிச்சலோ ரத்தமோ காணப்பட்டால் மூன்று நாளும் காத்திருக்கலாகாது. இரவில் பலமுறை எழும் பெரியவர்கள் இருட்டில் தடுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள நேரிடுவதால், வீட்டிலுள்ளவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளாமல், கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கை எரியவிட்டு, மறுநாளே சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது கடமையாகும்.