மொபி டிக்: களமும் மாந்தரும் உட்கருத்தும்

கடலைக் களமாகக் கொண்ட நாவல்கள் ஆங்கிலத்தில் பல உள. அவற்றுள் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மொபி டிக்' தனியிடம் பெற்றது. 135 அத்தியாயங்களும் ஒரு பின்னுரையும் கொண்ட பெரிய நூல் அது. ஆவலோடு அதைக் கையிலெடுக்கும் மாணவியர் பலர், திமிங்கல வகைகளைப் பற்றிய பக்கங்கள் வந்ததும் மூடி வைத்துவிடுகின்றனர். பின்னர்த் தேர்வுக்கென்று, "ஆகாப் வெறியன்; ஸ்டார்பக் நல்லவன்; வெள்ளைத் திமிங்கலம் தீமையின் சின்னம்" என மூன்று வரிகளை மனப்பாடம் செய்துகொள்கின்றனர்.

களம், மாந்தர், உட்கருத்து என்று தனித்தனித் தலைப்புகளில் குறிப்பெழுதிப் பழகியதால் வந்த விளைவு இது. உண்மையில் இம்மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். அவற்றைப் பிரிக்காமல் படிக்க ஒரு கேள்வி நமக்குத் துணை செய்யும். ஒரு மனிதனின் வெறி ஒரு கப்பலையே அழிவுக்கு இழுத்துச் செல்கிறது. அக்கப்பலில் ஏறத்தாழ முப்பது பேர் இருந்தனர். அவனை ஏன் ஒருவரும் தடுக்கவில்லை? இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு நாவலுக்குள் செல்வோம்.

ஆசிரியரும் நூலும்

மெல்வில் 1819-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்துப்போய், அவரும் இறந்துவிடவே, இளமையிலேயே உழைக்கும் நிலை மெல்விலுக்கு ஏற்பட்டது. 1841 சனவரியில் 'அகுஷ்னெட்' என்னும் திமிங்கல வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் புறப்பட்டார். ஒன்றரை ஆண்டு கழித்து, பசிபிக் மாக்கடலிலுள்ள மார்க்கெசஸ் தீவுகளில் கப்பலைவிட்டு ஓடிப்போனார். ஆகவே, கப்பல் தலைவனின் அதிகாரம் எத்தகையது, அதிலிருந்து தப்புவது எவ்வளவு கடினம் என்பதை அவர் நேரில் அறிந்தவர்.

நாவலுக்கு உண்மை நிகழ்ச்சியொன்றும் அடிப்படையாக அமைந்தது. 1820 நவம்பர் 20-ஆம் நாள் 'எஸ்ஸெக்ஸ்' என்ற கப்பலைப் பசிபிக் கடலில் ஒரு திமிங்கலம் மோதி மூழ்கடித்தது. சிறு படகுகளில் ஏறிய 20 பேரில் 8 பேரே உயிர் தப்பினர். அவர்களுள் ஒருவரான ஓவன் சேஸ் 1821-இல் வெளியிட்ட குறிப்பை மெல்வில் படித்திருந்தார்.

1851 அக்டோபரில் லண்டனிலும் நவம்பரில் நியூயார்க்கிலும் நாவல் வெளிவந்தது. லண்டன் பதிப்பில் பின்னுரை விடுபட்டுப்போயிற்று. "எல்லாரும் மூழ்கினர் என்றால் கதை சொல்பவன் எப்படிப் பிழைத்தான்?" என்று அங்குள்ள விமர்சகர் கேட்டதில் வியப்பில்லை. ஆசிரியரின் வாழ்நாளில் நூல் பெரிதாக விற்கவில்லை. அவர் நியூயார்க் சுங்கத் துறையில் 19 ஆண்டுகள் பணியாற்றி, 1891-இல் காலமானார். 1920-களில்தான் உலகம் இந்நூலின் பெருமையை உணரத் தொடங்கியது.

கதைச் சுருக்கம்

இஸ்மயேல் என்னும் இளைஞன் கடற்பயணம் விரும்பி நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்துக்கு வருகிறான். அங்கே குவீக்குவெக் என்ற தென்கடல் தீவினனோடு நட்புக் கொள்கிறான். இருவரும் நாந்தக்கெட் தீவுக்குச் சென்று 'பீக்வாட்' என்னும் கப்பலில் சேர்கின்றனர். அதன் தலைவன் ஆகாப். முந்திய பயணத்தில் மொபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கலத்திடம் ஒரு காலை இழந்து, திமிங்கல எலும்பாலான காலோடு நடப்பவன். எண்ணெய்க்காகப் புறப்பட்ட கப்பலைத் தன் பழியைத் தீர்க்கும் கருவியாக்கி விடுகிறான். அட்லாண்டிக், இந்துமாக்கடல், சுந்தா நீரிணை, சப்பான் கடல் எனத் தேடி, இறுதியில் பசிபிக்கில் அதைக் காண்கிறான். மூன்று நாள் துரத்தலின் முடிவில் ஆகாபும் கப்பலும் கடலுக்குள் போகின்றனர். இஸ்மயேல் ஒருவனே பிழைக்கிறான்.

களம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம் படித்த நமக்குப் புதிதன்று. எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் என்று தெரிந்தால்தான் மாந்தரின் ஒழுக்கம் விளங்கும். இந்நாவலுக்கும் அது பொருந்தும்.

இங்கே முதன்மையான களம் கப்பல். கரையில் ஒருவனது போக்குப் பிடிக்கவில்லையென்றால் விலகிப் போய்விடலாம். நடுக்கடலில் போக இடமில்லை. திமிங்கல வேட்டைப் பயணம் மூன்று நான்கு ஆண்டுகள் நீளும். அத்தனை காலமும் தலைவன் சொல்லே சட்டம். அதை எதிர்ப்பது கலகம். கலகத்துக்குக் கடும் தண்டனை உண்டு. பீக்வாட் கிறிஸ்துமஸ் நாளன்று புறப்படுகிறது. ஆனால் பல நாள் வரை ஆகாப் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. தங்களை நடத்திச் செல்பவன் யார் என்று மாலுமிகள் காணும்போது கரை வெகு தொலைவில் போய்விட்டது.

அக்கப்பலின் பொருளாதாரத்தையும் கவனிக்க வேண்டும். விளக்குக்கும் மெழுகுவத்திக்கும் திமிங்கல எண்ணெய் பயன்பட்ட காலம் அது. மாலுமிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது; கிடைக்கும் ஆதாயத்தில் பங்கு மட்டுமே. கப்பலின் பங்குதாரர்களுள் ஒருவரான பில்தாத் என்னும் முதியவர் வேத நூலைக் கையில் வைத்துக்கொண்டே, இஸ்மயேலுக்கு 777-இல் ஒரு பங்கு போதும் என்கிறார். கடைசியில் 300-இல் ஒரு பங்கு என்று முடிவாகிறது. எறியீட்டி வீசுவதில் வல்லவனான குவீக்குவெக்குக்கோ 90-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கு வேடிக்கைக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. எண்ணெய் சேர்ந்தால்தான் ஒவ்வொருவன் வீட்டிலும் அடுப்பெரியும். தன் பழிக்காகக் கப்பலைத் திருப்பும் ஆகாப், அத்தனை குடும்பங்களின் பிழைப்பையும் சேர்த்தே பணயம் வைக்கிறான்.

களமே கருத்தாக மாறும் இடங்களும் உண்டு. 96-ஆம் அத்தியாயத்தில் கப்பல் தளத்தின்மேல் உலை மூட்டி இரவில் கொழுப்பைக் காய்ச்சுகின்றனர். சுக்கான் பிடித்து நிற்கும் இஸ்மயேல் அந்த நெருப்பையே பார்த்துக் கண்ணயர்ந்து, தன்னை அறியாமல் பின்பக்கம் திரும்பிவிடுகிறான். நொடிப் பொழுதில் விழித்துக்கொண்டதால் கப்பல் கவிழாமல் தப்புகிறது. ஒரே நெருப்பை நெடுநேரம் பார்ப்பவன் திசை தவறுவான் என்ற எச்சரிக்கை இதில் அடங்கியுள்ளது. அது ஆகாபுக்கும் பொருந்துவதை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

மாந்தர்

ஆகாபை வெறும் பைத்தியக்காரன் என்று எழுதிவிட்டால் நாவலில் பாதியை இழந்துவிடுவோம். 132-ஆம் அத்தியாயத்தில் அவன் கடலை நோக்கி நின்று கண்ணீர் விடுகிறான். பதினெட்டு வயதில் தொடங்கிய நாற்பது ஆண்டுக் கடல் வாழ்வையும், ஊரில் விட்டுவந்த இளம் மனைவியையும் மகனையும் நினைக்கிறான். கடலில் தனியே விடப்பட்டு மனம் பேதலித்த பிப் என்னும் சிறுவனைத் தன் அறையிலேயே வைத்துக் காக்கிறான். அன்பு அறியாதவன் அல்லன் அவன். அறிந்தும் அதைத் தள்ளியவன். அதனால்தான் அவன் வீழ்ச்சி நம்மை வருத்துகிறது.

அவனோடு ஒப்பிட்டு அறிய இன்னொரு தலைவனை ஆசிரியர் காட்டுகிறார். 'சாமுவேல் எண்டர்பி' என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவன் அதே திமிங்கலத்திடம் ஒரு கையை இழந்தவன். அதன்பின் அதைக் கண்டபோதும் அவன் துரத்தவில்லை; ஒரு கை போனது போதும் என்று சிரித்துப் பேசுகிறான். காயம் ஒன்றே; அதை ஏற்ற மனம்தான் வேறு. ஆகாபின் அழிவுக்குத் திமிங்கலமே காரணம் என்று சொல்ல முடியாமற் செய்வது இந்தச் சிறு பாத்திரமே.

குவீக்குவெக் உடல் முழுதும் பச்சை குத்தியவன். முதலில் இஸ்மயேல் அவனைக் கண்டு அஞ்சுகிறான். ஆனால் நீரில் விழுந்தவனைக் காப்பாற்ற முதலில் குதிப்பவன் அவனே. தன் நோயின்போது தனக்கெனச் செய்வித்த சவப்பெட்டி பின்னர் உயிர்காப்பு மிதவையாகிறது. இறுதியில் அதைப் பற்றிக்கொண்டுதான் இஸ்மயேல் பிழைக்கிறான். தோற்றத்தைக் கொண்டு மனிதரை எடை போடலாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

இனி ஸ்டார்பக்கிடம் வருவோம். கப்பலின் முதல் துணைத் தலைவனான அவன் கடவுளுக்கு அஞ்சுபவன், நிதானமானவன், துணிவுடையவன். 36-ஆம் அத்தியாயத்தில் ஆகாப் பொற்காசு ஒன்றைப் பாய்மரத்தில் ஆணியடித்து, வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் கண்டு சொல்பவனுக்கு அது பரிசு என்கிறான். மதுவும் சுற்றிவருகிறது, எல்லாரும் ஆர்ப்பரிக்கின்றனர். அறிவற்ற விலங்கின்மேல் பழி தீர்ப்பது தெய்வ நிந்தனை என்று மறுத்துப் பேசுபவன் ஸ்டார்பக் ஒருவனே. ஆனால் ஆகாபின் பேச்சு வன்மைக்கு முன் அவன் குரல் அடங்கிப்போகிறது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 109-ஆம் அத்தியாயத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் ஒழுகுகின்றன. பயணத்தை நிறுத்திப் பீப்பாய்களை வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும் என ஸ்டார்பக் வலியுறுத்துகிறான். ஆகாப் துப்பாக்கியை நீட்டுகிறான். ஸ்டார்பக் பதறாமல், ஆகாப் தன்னைக் குறித்தே எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான். சற்று நேரத்தில் ஆகாப் பணிந்து, அவன் சொன்னபடியே செய்யக் கட்டளையிடுகிறான். எண்ணெய்க்காக இவ்வளவு உறுதியாக நின்றவன், முப்பது உயிர்களுக்காக அப்படி நிற்கவில்லை. 123-ஆம் அத்தியாயத்தில், உறங்கும் ஆகாபின் அறை வாசலில் அதே துப்பாக்கியைக் கையிலெடுத்துத் தயங்குகிறான். கொலை பாவம், கட்டிப்போட்டுக் கொண்டுசெல்லவோ கரை நெடுந்தொலைவு. கடைசியில் துப்பாக்கியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஆகாபை எழுப்பும்படி ஸ்டப்பை அனுப்புகிறான். கொல்லாமல் விட்டது அவன் குறையன்று. பேசவேண்டிய காலத்தில், பிறரையும் சேர்த்துக்கொண்டு பேசாமல் விட்டதே குறை. உரிய வேளை கடந்தபின் அவனுக்கு எஞ்சியவை பாவமும் பணிவும் மட்டுமே.

உட்கருத்து

இந்நாவலை முழுதும் உணர விவிலிய அறிவு பெரிதும் உதவும். ஆகாப் என்பது, நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பழி தேடிக்கொண்ட இஸ்ரயேல் அரசனின் பெயர். இஸ்மயேல், வீட்டைவிட்டுப் பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்டவன். மகனைத் தேடி அலையும் தலைவனின் கப்பலுக்கு 'ராகேல்' என்று பெயர். பிள்ளைகளுக்காக அழும் ராகேலை எரேமியா நூலில் காண்கிறோம். அத்தலைவன் தன் பன்னிரண்டு வயது மகனைத் தேட உதவி கேட்கிறான். திமிங்கலம் அருகிலிருப்பதை அறிந்த ஆகாப் மறுத்துவிடுகிறான். இரக்கத்தின் கடைசி வாசலை அவன் அடைத்த இடம் அது. பின்னர் இஸ்மயேலைக் கடலிலிருந்து எடுப்பதும் அந்தக் கப்பலே.

பயணத்துக்கு முன், நியூ பெட்ஃபோர்டு சிற்றாலயத்தில் மேப்பிள் என்னும் போதகர் யோனாவைப் பற்றி உரையாற்றுகிறார். இறைவனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால் தன் விருப்பத்தை மீற வேண்டும் என்பது அதன் சாரம். கீழ்ப்படிதல் நல்ல பண்புதான். ஆனால் யாருக்கு, எதுவரை என்று கேட்காத கீழ்ப்படிதல் ஆபத்தானது. நாவலின் நடு நரம்பு இதுவே. ஆகாப் தன் விருப்பத்துக்குக் கீழ்ப்படிகிறான். மாலுமிகள் ஆகாபுக்குக் கீழ்ப்படிகின்றனர். ஸ்டார்பக் தன் மனச்சான்றின் குரலைக் கேட்டும் பதவி ஒழுங்குக்கே கீழ்ப்படிகிறான். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது.

அப்படியானால் வெள்ளைத் திமிங்கலம் எதைக் குறிக்கிறது? ஒரே சொல்லில் விடை தேடுவது வீண். 99-ஆம் அத்தியாயத்தில் பாய்மரத்துப் பொற்காசை ஒவ்வொருவராக வந்து பார்க்கின்றனர். ஒவ்வொருவனும் அதில் தன்னையே காண்கிறான். திமிங்கலமும் அப்படியே. ஆகாபுக்கு அது பகைவன். ஸ்டார்பக்குக்கு அறிவற்ற விலங்கு. இஸ்மயேலுக்கு அறிந்து முடியாத புதிர்.

படிக்கும் முறை

நாவல் படிக்கும் மாணவியர் குறிப்பேட்டில் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்வது நலம். இந்த இடத்தில் இம்மாந்தருக்கு வேறு வழி இருந்ததா? இருந்தால் ஏன் அதைக் கொள்ளவில்லை? இதே நிலையில் வேறு விதமாக நடந்துகொண்டவர் நாவலில் உண்டா? முதற்கேள்வி களத்தைக் காட்டும். இரண்டாவது மாந்தரைக் காட்டும். மூன்றாவது உட்கருத்துக்குக் கொண்டு சேர்க்கும். விடைக்குச் சான்றாக அத்தியாயமும் நிகழ்ச்சியும் குறிக்கப்பட வேண்டும். "நல்லவன்", "கெட்டவன்" என்ற சொற்கள் மட்டும் சான்றாகா. திமிங்கல வகைகள் பற்றிய பக்கங்கள் கடினமாயிருப்பின் முதன்முறை விரைந்து கடக்கலாம்; கயிறு, உலை, பொற்காசு பற்றிய அத்தியாயங்களை மட்டும் விட்டுவிடலாகாது. 60-ஆம் அத்தியாயத்தில் படகோட்டிகளைச் சுற்றிக் கிடப்பதாக வருணிக்கப்படும் எறியீட்டிக் கயிறுதான் கடைசி நாளில் ஆகாபின் கழுத்தைச் சுற்றுகிறது.

வகுப்பிலும் விடுதியிலும் பின்னர் அலுவலகத்திலும் நாம் பலரோடு ஒரே கப்பலில் செல்பவர்களே. ஆகாபைப் போன்றவர்கள் அரியர். நல்லது தெரிந்தும் வாய் திறவாத ஸ்டார்பக்குகளோ எங்கும் உளர். தவறு நடக்கும்போது மரியாதையோடும் உறுதியோடும், காலம் கடப்பதற்குமுன் பேசப் பழகினால், இந்நூலைப் படித்த பயன் நமக்குக் கிட்டும்.