முப்பத்தெட்டுச் சொற்களில் ஒரு பேச்சு

(இளங்கலைக் கணிதம், மூன்றாம் ஆண்டு)

சீட்டுக்கட்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பணமும் பகையும்தான். வள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கிவிட்டார். ஆகவே கல்லூரி மலரில் சீட்டாட்டத்தைப் பற்றி ஒருவன் எழுதப் புகுந்தால் பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிப்பது இயல்பே. அவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1967இல் ஒரு ரம்மி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரம்மி திறமைக்குரிய ஆட்டம் என்று கூறியபோது ஒப்பிட்டுக் காட்டியது பிரிட்ஜ் ஆட்டத்தைத்தான். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. ஆடவர் இரட்டையர் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள். அப்போது ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56!

நான் இந்த ஆட்டத்தைக் கற்றது அபிராமபுரத்தில், எங்கள் எதிர்வீட்டு மாடியில். ஞாயிறு மாலைகளில் அங்கே இரண்டு மேசை கூடும். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். ஆள் குறைந்தால், "தம்பி, ஒரு கை குறையுது, வா" என்று குரல் வரும். அங்கே கண்டவற்றைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

விடுதியில் 'இருபத்தெட்டு' ஆடத் தெரிந்தவருக்குப் பாதி பிரிட்ஜ் தெரியும் எனலாம். நால்வர் ஆட்டம். எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. (ஒருவருக்கு வரக்கூடிய கைகள் எத்தனை என்று கணக்கிட்டால் 63,501 கோடியைத் தாண்டுகிறது. ஆகவே 'இதே கை போன வாரம் வந்தது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) இன்றைய வடிவில் இதை 1925இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற கப்பலில் அமர்ந்து வகுத்தவர் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர். முதலில் ஏலம், எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்று கேட்பது. ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தம் சீட்டை மேசையில் விரித்துவிட்டு டம்மியாகிவிடுவார். எதிர்ஜோடி தடுத்தாடும்.

ஏலத்தில் நமக்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் எத்தனை தெரியுமா? நான்கு இனமும் துருப்பில்லாத 'நோ டிரம்ப்'பும் சேர்ந்து ஐந்து, ஒன்று முதல் ஏழு வரை கேட்கலாம், ஆக முப்பத்தைந்து. அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் முப்பத்தெட்டு! இந்த முப்பத்தெட்டுச் சொற்களால் நம் கையைக் கூட்டாளிக்கு விளக்க வேண்டும். சொற்கள் குறைவாக இருக்கும்போது சொன்னதையே திரும்பச் சொல்வது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம்! ஆனால் மன்றங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதுவே.

ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளி எண்ணுவது வழக்கம். சீட்டுக்கட்டில் மொத்தம் 40. இருவர் கையும் சேர்ந்து 25 அல்லது 26 இருந்தால் மூன்று நோ டிரம்ப், அதாவது ஒன்பது பிடி, கேட்கலாம். ஒருவர் 'ஒரு நோ டிரம்ப்' என்று தொடங்குகிறார். தம்மிடம் 15 முதல் 17 புள்ளி, இனங்கள் சமமாகப் பரவியுள்ளன என்பது அதன் பொருள். கூட்டாளியிடம் 6 புள்ளி. கூட்டினால் 23ஐத் தாண்டாது; ஆகவே பாஸ். எதிராளி 'இரண்டு ஹார்ட்' என்கிறார். இங்கேதான் வினை! முதலாமவர், "என்னிடம் 17 இருக்கிறதே" என்று மறுபடியும் வாய் திறக்கிறார். ஐயா, அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டீர்களே! எல்லையைச் சொல்லிவிட்டவர் அதோடு நிறுத்த வேண்டும். மேலே போவதா நிற்பதா என்பது கூட்டாளியின் பொறுப்பு. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதித் தோல்விகள் குறையும் என்பது என் கருத்து.

குரலும் ஒரு சொல்லாகிவிடக் கூடாது. "பாஸ்" என்று வெடுக்கெனச் சொல்வதற்கும், "ம்ம்... பாஸ்" என்று இழுப்பதற்கும் பொருள் வேறு என்பது குழந்தைக்கும் தெரியும். அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டு கூட்டாளி ஏலத்தை உயர்த்துவது ஆட்ட விதிகளின்படி குற்றம். பெரிய போட்டிகளில் கூட்டாளிகளுக்கு நடுவே திரையே வைத்துவிடுகிறார்கள். ஏலத்தையும் வாயால் கேட்காமல் அச்சிட்ட அட்டைகளால் கேட்கிறார்கள்.

இனித் தடுத்தாடுதல். ஆட்டத்தில் கடினமான பகுதி இதுவே. ஏலம் எடுத்தவருக்குத் தம் ஜோடியின் இருபத்தாறு சீட்டும் தெரியும். தடுப்பவருக்குத் தம் கையும் டம்மியும் மட்டுமே தெரியும். கூட்டாளியின் கை மறைவு. எதிர்வீட்டு மாடியில் பதினைந்து ஆண்டு ஜோடி ஒன்று இதனால்தான் பிரிந்தது. வங்கியில் பணியாற்றிய மாமா ஒருவர். அவர் கூட்டாளி பள்ளி ஆசிரியராக இருந்தவர். எல்லோரும் வாத்தியார் என்றே அழைப்பார்கள். எதிராளி கேட்டது மூன்று நோ டிரம்ப். மாமா ஹார்ட் 6 இறக்கினார். டம்மியில் ஹார்ட் ராஜா, 9, 2. அங்கிருந்து 2 விழுந்தது. வாத்தியாரிடம் ஆஸ், ஜாக்கி, 7. 'மூன்றாம் கை உயரப் போடு' என்ற பழைய விதிப்படி அவர் ஆஸைப் போட்டுப் பிடியை எடுத்தார். டம்மியின் ராஜா பிழைத்தது. அந்த ராஜாவே ஒன்பதாவது பிடியாக முடிந்தது.

விஸ்ட் ஆட்டக் காலத்திலேயே ஃபாஸ்டர் என்பவர் ஒரு கணக்குச் சொல்லிவைத்தார். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஆஸ் 14 என்று கொண்டால் 6க்கு மேற்பட்டவை எட்டுச் சீட்டு. ஒருவர் தம் நீண்ட இனத்தில் மேலிருந்து நான்காம் சீட்டை இறக்கினால், அதைவிடப் பெரியவை மூன்று அவரிடமே இருக்கும். எட்டில் மூன்று போக ஐந்து. சுருக்கமாக, பதினொன்றிலிருந்து இறக்கிய எண்ணைக் கழித்தால் போதும். அந்த ஐந்தில் டம்மியில் இரண்டு, வாத்தியாரிடம் மூன்று. ஏலம் எடுத்தவரிடம் 6ஐ மிஞ்ச ஒன்றுமே இல்லை! ஆகவே ஜாக்கியே பிடியை எடுத்திருக்கும். ஆஸ் ராஜாவின் தலைக்கு மேல் காத்திருக்கும். பிறகு டம்மியில் பலவீனமாக இருந்த கிளாவரை இறக்கினால் மாமாவின் கிளாவர் ஆஸ் எடுக்கும். அவர் ஹார்ட் ராணியை இறக்க, டம்மியின் ராஜாவை வாத்தியாரின் ஆஸ் விழுங்கும். மிஞ்சிய 7ஐ வாத்தியார் இறக்கினால் மாமாவின் 10ம் 8ம் பிடிகளாகும். மொத்தம் ஐந்து பிடி. எதிராளிக்கு ஒரு பிடி குறைவு. முதலில் ஜாக்கிக்குப் பதில் 7ஐயே போட்டாலும் பிடி கிடைக்கும். ஆனால் திரும்பி மாமாவிடம் போக வழி இராது.

"நான் போட்ட 6ஐப் பார்த்தீரா?" என்று மாமா கத்தினார். எல்லோரும் வாத்தியாரையே குறை சொன்னார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. மாமா அன்று அதற்கு முன் மூன்று கைகளில் நான்காம் சீட்டையா இறக்கினார்? ஒருமுறை மேலிருந்து இரண்டாவது, ஒருமுறை கடைசிச் சீட்டு. எப்போதாவது உண்மை சொல்பவரின் சொல்லை வைத்து யார் கணக்குப் போடுவார்? இப்போதும் இருவரும் ஒரே மேசையில்தான் ஆடுகிறார்கள், எதிராளிகளாக.

மற்றச் சைகைகளும் இப்படியே. கூட்டாளி ஒரு பெரிய சீட்டை இறக்கும்போது நாம் 9 போன்ற உயர்ந்ததைப் போட்டால் 'தொடர்க' என்றும், 2 போட்டால் 'வேண்டாம், வேறு இனம் பார்' என்றும் பொருள் கொள்வது பரவலான வழக்கம். கூட்டாளியின் 2ஐக் கவனிக்காமல் தம் கையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எந்தச் சைகையும் உதவாது.

ஆடத் தொடங்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. தடித்த புத்தகம் தேட வேண்டாம். கூட்டாளியோடு அமர்ந்து, ஒரு நோ டிரம்பின் புள்ளி எல்லை, முதலில் இறக்கும் சீட்டு எது, உயர்ந்த சீட்டுக்கு என்ன பொருள் என்ற மூன்றையும் ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய போட்டிகளிலும் இத்தகைய அட்டை உண்டு. அதில் இரகசியம் ஒன்றும் கிடையாது. எதிராளிகள் பார்ப்பதற்காகவே அதை மேசையில் வைக்கிறார்கள்.