உங்களுக்குத் தெரியுமா? பர்கர் சொல்லும் விலைவாசி
ஓர் இந்திய ரூபாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய யென் கிடைக்கும்; அதற்காக டோக்கியோ சென்னையைவிட மலிவான ஊராகிவிடுமா? நாணய மாற்று விகிதம் கையிலுள்ள பணம் எத்தனை யென் என்று சொல்லும். அது அங்கே எவ்வளவு வாங்கும் என்று சொல்லாது. இதை எளிதாக விளக்கத்தான் ‘தி எகானமிஸ்ட்’ இதழ் 1986-இல் மெக்டொனால்ட்ஸின் ‘பிக் மேக்’ மாட்டிறைச்சி பர்கரின் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிடத் தொடங்கியது. (இங்குள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகளில் மாட்டிறைச்சி கிடையாது, ஆகவே இந்தியாவுக்குக் கோழியிறைச்சி ‘மகாராஜா மேக்’!) நம்மில் யார் தினமும் பர்கர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோதுமை, இறைச்சி, கடை வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாமே அந்த ஒரே விலைக்குள் அடங்கிவிடுகின்றன. அடங்காதது, பயணியின் அறை வாடகை. சிங்கப்பூர் உணவங்காடிகளில் குறைந்த செலவில் வயிறு நிறையும். ஓட்டல் அறையோ கையைக் கடிக்கும். புறப்படுமுன் இரண்டையும் தனித்தனியே விசாரித்துவிடுங்கள்.