ஆங்கிலத்தில் ஒரு யப்பானியச் சொல்

சொற்கள் நாடு விட்டு நாடு செல்லும் இயல்பின. பிறநாட்டு மொழிகளிலிருந்து வந்து வழங்குவனவற்றைத் தமிழிலக்கணம் திசைச்சொல் எனத் தனியே வகுத்தது. அங்ஙனம் புகுந்த சொல், புகுந்த மொழியின் ஒலிக்கும் இலக்கணத்துக்கும் அமைந்தே வாழ்தல் வேண்டும். யப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலம் ஏற்றுக்கொண்ட 'சுனாமி' என்னுஞ் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

யப்பானிய மொழியில் 'ட்சு' என்பது துறைமுகம். 'நமி' என்பது அலை. ஆழ்கடலில் இவ்வலை ஒரு மீற்றருக்குங் குறைந்த உயரத்தோடு செல்லுதல் கூடுமாதலின், அங்கே தோணியிலிருப்போர் அதனை உணரார். கரையை அணுகியவிடத்தே அது உயர்ந்தெழுந்து துறையை அழிக்கும். ஆதலின் 'துறைமுக அலை' என்னும் பெயர் அதற்குப் பொருந்துவதாயிற்று.

1896 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள் யப்பானின் சன்ரிக்குக் கரையில் இவ்வலை ஏறத்தாழ 22,000 மக்களைப் பலிகொண்டது. யப்பானில் வாழ்ந்த எழுத்தாளர் லவ்காடியோ ஹேர்ண் 1897 இல் வெளியிட்ட நூலொன்றில் இச்சொல்லை எடுத்தாண்டு, ஆங்கில வாசகருக்கு அதன் பொருளை விளக்கினார்.

ஆங்கிலத்தில் முன்னர் வழங்கிய பெயர் 'டைடல் வேவ்' என்பது, அஃதாவது வற்றுப்பெருக்கலை. வற்றுப்பெருக்கு சந்திரனதும் சூரியனதும் ஈர்ப்பினால் நிகழ்வது. சுனாமியோ பெரும்பாலுங் கடலடிப் பூமியதிர்ச்சியினாலும், சிறுபான்மை மண்சரிவு, எரிமலை என்பவற்றாலும் எழுவது. காரணத்தைப் பிழைபடக் கூறும் பெயரினும், யப்பானியச் சொல்லே மேலென அறிஞர் கொண்டனர்.

இனி, ஆங்கில வாக்கியத்தில் இச்சொல் அடைந்த மாற்றங்களை நோக்குவோம். 'ட்ச' என்னும் ஒலி சொன்முதலில் வருதல் ஆங்கிலத்துக்கு இயல்பன்று. ஆகவே எழுத்தில் 'டீ' நிற்பினும் பலர் அதனை ஒலியாது விடுவர். யப்பானியப் பெயர்ச்சொல் பன்மைக்கென உருவம் மாறுவதில்லை. ஆங்கிலமோ 'சுனாமிஸ்' எனப் பன்மை விகுதி கூட்டும். விகுதியின்றியே பன்மை உணர்த்துவாரும் உளர். 'சுனாமி வோணிங்' என்புழி அது பிறிதொரு பெயருக்கு அடையாக முன்னிற்கும். பின்னர் உருவகமுந் தோன்றிற்று. அளவிறந்து வரும் முறைப்பாடுகளை 'முறைப்பாடுகளின் சுனாமி' என்னும் பொருள்பட எழுதுதல் இன்று ஆங்கிலப் பத்திரிகைகளிற் பெருவழக்கு.

உருவகம் குற்றமன்று, ஆயினும் அது 'பெருந்தொகை' என்பதை மட்டுங் கொண்டு ஏனையவற்றை மறைத்துவிடும். சுனாமி ஓர் அலையன்று. ஒன்றன்பின் ஒன்றாய், சிலவேளை மணிக்கணக்காக வரும் அலைத்தொடர். அலைக்கு முன் கடல் உள்வாங்குதலும் உண்டு. வற்றிய கடலைக் காண இறங்குவோரும், முதலலை தணிந்ததெனத் திரும்புவோரும் உயிரிழப்பர்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அலைகள் இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றன. அன்று ஈண்டு இச்சொல்லை அறிந்தார் மிகச் சிலரே. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவுக் கரையொன்றில், இரு கிழமைக்கு முன் புவியியற் பாடத்தில் இதனைக் கற்றிருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமியொருத்தி கடலின் குறியறிந்து எச்சரித்தாள். அங்கு நின்றோர் உயிர் தப்பினர்.

இன்று 'சுனாமி' தமிழிலும் நிலைத்துவிட்டது. 'ஆழிப்பேரலை' என்னும் ஆக்கமும் உடன் வழங்குகின்றது. எச்சொல்லால் வழங்கினும், அதன் முழுப்பொருளும் மாணாக்கர் நெஞ்சிற் பதிதலே வேண்டற்பாலது.