மாதக் கடைசியிலும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

“மாத்திரை தீர்ந்து போச்சு, சம்பளம் வந்ததும் வாங்கிக்கலாம்.” சர்க்கரை நோயாளிகள் இருக்கும் பல வீடுகளில் மாதக் கடைசியில் கேட்கும் பேச்சு இது. நாலைந்து நாள்தானே என்று தோன்றும். சர்க்கரை கூடினாலும் பெரும்பாலும் வலி தெரியாது என்பதுதான் இதில் சிக்கலே. மாதாமாதம் இப்படி விட்டு விட்டுப் போட்டால், சில வருடங்களில் கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் பாதிக்கப்படலாம். அப்போது ஆகும் செலவோடு பார்த்தால் மாத்திரைச் செலவு ஒன்றுமே இல்லை.

கையில் காசு இல்லாத நாளிலும் மாத்திரை நிற்காமல் இருக்க வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இலவசமாக எங்கே கிடைக்கும்?

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் சர்க்கரைப் பரிசோதனை, மாத்திரை, இன்சுலின் ஆகியவை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லையா? சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். விவரம் தெரியாவிட்டால் 104 என்ற எண்ணை அழையுங்கள்.

“கவர்மென்ட் மாத்திரையில பவர் கம்மி” என்று சிலர் சொல்வார்கள். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. மாதிரிகள் ஆய்வகத்தில் தேறிய பிறகே மருந்துகள் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. மொத்தமாக வாங்குவதால்தான் அரசுக்கு விலை குறைகிறது.

அட்டையின் பின்பக்கம் பாருங்கள்

தனியார் டாக்டரிடம் காட்டுகிறீர்களா? மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஒன்று கம்பெனி வைத்த பெயர். அதோடு மெட்ஃபார்மின், கிளிமெபிரைட் என்று இருப்பதுதான் மருந்தின் பெயர். மருந்தும் அளவும் ஒன்றாக இருந்தாலும், கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். மருந்தின் பெயரிலேயே விற்கப்படும் ஜெனரிக் மாத்திரைகள் விலை குறைவு.

இவற்றுக்காகவே 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுவதும் 1,000 ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. ‘ஜன் ஔஷதி சுகம்’ செயலியில், பக்கத்தில் உள்ள கடையையும் மாத்திரை விலையையும் பார்க்கலாம்.

அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை டாக்டரிடம், “இதையே ஜெனரிக்ல வாங்கலாமா?” என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. மில்லிகிராம் அளவும், ‘எஸ்.ஆர்.’ போன்ற குறிப்பும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். நீங்களாக மாற்ற வேண்டாம்.

விலை கூடிய புது மாத்திரை எழுதியிருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். சிட்டாகிளிப்டினுக்கு 2022-லும், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025-லும் இந்தியாவில் காப்புரிமை முடிந்தது. அதன்பின் பல கம்பெனிகள் அவற்றைத் தயாரித்ததால் விலை நன்றாக இறங்கியது. பழைய சீட்டையே வைத்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள், இப்போது மலிவாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

எந்தச் செலவு தேவை, எது வேண்டாம்?

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ பரிசோதனை முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் செய்யலாம். பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே இருப்பது நல்லது; உங்களுக்கான இலக்கை டாக்டர் சொல்வார். வருடத்துக்கு ஒருமுறை கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தினமும் இரவில் பாதத்தைப் பார்ப்பதற்குக் காசே வேண்டாம். ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள்.

‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட், டயட் மாவு எல்லாம் தேவையில்லை. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கு சோறு. இதுவே போதும். சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் பயனில்லை. கேழ்வரகும் அளவோடுதான், அதையே கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும்.

“48 நாளில் சர்க்கரை குணம்” என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிக்குப் பணம் கட்டாதீர்கள். அதை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இதையும் தெரிந்து வையுங்கள்

மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எண்ணி, தீர்வதற்கு ஐந்து நாள் முன்னதாகப் போனில் அலாரம் வையுங்கள். சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதார நிலையத்துக்குப் போய் வரலாம்.