குழிப்பணியாரச் சட்டியில் முட்டையும் காய்கறியும்: முற்பகல் பசிக்குச் சத்தான சிற்றுணவு செய்வது எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமானில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடுகிறது. இந்தியாவின் நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட இந்நகரமோ அதற்கு ஏறத்தாழ 10 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், கடிகாரத்தைவிடச் சூரியன் இங்கு சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கு முன்பே வெயில் வந்துவிடும்.

நகரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறை அந்தச் சூரியனை ஒட்டியே இயங்குகிறது. ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு உள்ளிட்ட தீவுகளுக்குச் செல்லும் படகுகளில் முதலாவது அதிகாலையிலேயே புறப்படுகிறது. பயணிகளும் துறையில் பணிபுரிவோரும் ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு பிஸ்கட் என்ற அளவில் காலையைத் தொடங்கிவிடுகின்றனர். பத்து மணிக்குப் பசி எடுக்கும். மதிய உணவுக்கு இன்னும் நேரம் இருக்கும். அந்த இடைவெளியைப் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்த போண்டாவும் சமோசாவும் வடையும் நிரப்புகின்றன. வாரத்தில் ஒரு நாள் என்றால் கவலையில்லை. அன்றாடப் பழக்கமாகும்போது மாவும் எண்ணெயும் கூடி, புரதமும் நார்ச்சத்தும் குறைந்துபோகின்றன.

காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி முற்பகலில் உண்ணும் வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'பிரஞ்ச்' என்று பெயர். 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுவோருக்காகப் பரிந்து எழுதிய கட்டுரையில் இச்சொல்லைக் கையாண்டார். அந்தமானில் நிலைமை தலைகீழ். இங்கே அதிகாலையில் எழுவோருக்குத்தான் அந்த உணவு தேவைப்படுகிறது. ஆனால் தேவை என்னவோ ஒன்றுதான்: கையில் எடுத்து இரண்டு கடியில் உண்ணக்கூடியதும், வயிற்றில் சற்று நேரம் நிற்கக்கூடியதுமான உணவு.

மேலை நாடுகளில் இதற்காக முட்டைக் கலவையைக் கேக் அச்சுகளில் ஊற்றி அடுப்பில் சுட்டெடுக்கின்றனர். அதற்கென மின் அடுப்பு வாங்க வேண்டிய அவசியம் தமிழர்களுக்கு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழ்ச் சமையலறைக்குப் பழக்கமான குழிப்பணியாரச் சட்டி, சிறிய அளவில் முட்டை உணவு செய்வதற்கென்றே வார்க்கப்பட்டதுபோல் இருக்கிறது. குழி ஆழமில்லாததால் கலவை விரைவில் வேகிறது. ஒவ்வொரு குழிக்கும் கால் தேக்கரண்டி எண்ணெயே போதும்.

முட்டையில் இல்லாதது எது?

ஒரு நடுத்தர முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 70 கலோரி ஆற்றலும் உள்ளன. உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் அதில் இருக்கின்றன. வைட்டமின் பி12, வைட்டமின் டி, மூளைக்கும் நரம்புக்கும் தேவையான கோலின் ஆகியவையும் உண்டு. ஆனால் முட்டையில் நார்ச்சத்து அறவே கிடையாது. வைட்டமின் சி-யும் கிடையாது. இவ்விரண்டையும் தருபவை காய்கறிகள். ஆகவே முட்டையோடு காய்கறியைச் சேர்ப்பது அழகுக்காக அன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இந்த உதவி எதிர்த்திசையிலும் நடக்கிறது. கேரட், பூசணி, கீரை ஆகியவற்றில் உள்ள கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைந்தால்தான் உடலில் சேரும். முட்டையின் மஞ்சள் கருவில் அக்கொழுப்பு இருக்கிறது. பச்சைக் காய்கறிக் கலவையுடன் முழு முட்டையையும் சேர்த்து உண்டவர்களின் உடல் கரோட்டினாய்டுகளைப் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சியதை, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். உடல்நலம் கருதி மஞ்சள் கருவை நீக்கிவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் பயன்படுத்துவோர் இந்தப் பயனை இழக்கின்றனர்.

தீவில் கிடைப்பவை

உருளைக்கிழங்கும் வெங்காயமும் அந்தமானுக்குப் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன. சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ மூன்று நாள் பயணம். வானிலை கெட்டால் கப்பல் தாமதமாகும். சந்தையில் விலையும் ஏறும். மே முதல் டிசம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் உள்ளூர்த் தோட்டங்களில் பல காய்கறிகள் அழுகிவிடுகின்றன. எனவே சமையல் குறிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் குடைமிளகாயையும் புரோக்கோலியையும் இங்கே தேடி அலைவது வீண்செலவு.

ஈரத்தைத் தாங்கி வளரும் கொடிப்பசலை, வங்காளிகள் கல்மி என்று அழைக்கும் வள்ளற்கீரை, முருங்கைக்கீரை, பூசணி, வெண்டை ஆகியவை இந்த உணவுக்கு நன்கு பொருந்தும். மணத்துக்கு இத்தீவுகளில் கிடைக்கும் பர்மா கொத்தமல்லி இருக்கிறது. நீண்டு, ஓரத்தில் பற்கள் கொண்ட இதன் இலை சாதாரணக் கொத்தமல்லியைவிட வலுவான வாசனை உடையது. நான்கு முட்டைக்கு இரண்டு இலை போதும். அதற்கு மேல் போனால் வேறு எந்தச் சுவையும் தெரியாது.

முட்டையிலும் இத்தீவுகளுக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. குட்டைக் கால்களைக் கொண்ட நிக்கோபாரிக் கோழி, இந்திய நாட்டுக்கோழி இனங்களுள் அதிக முட்டையிடுவனவற்றில் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 150 முட்டைகள் இடும். 1978-ல் இந்நகரில் தொடங்கப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இப்போது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. இவ்வினத்தைப் பாதுகாப்பதோடு, அதிலிருந்து கலப்பினங்களையும் அது உருவாக்கியுள்ளது. நாட்டுக்கோழி முட்டைக்குக் கூடுதல் விலை கொடுப்போர் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையில் சத்து அதிகம் என்பதற்கு அந்த நிறம் சான்றாகாது.

செய்முறை

நான்கு முட்டை, 200 கிராம் காய்கறி, ஒரு சிறிய வெங்காயம், கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், மூன்று தேக்கரண்டி எண்ணெய் ஆகியவை சுமார் 12 பணியாரங்களுக்குப் போதுமானவை. தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் சுவை கூடும். கலோரியும் சற்றுக் கூடும்.

இந்த உணவு கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காய்கறியின் நீரே காரணம். கீரையையும் பூசணியையும் பச்சையாக முட்டையில் கலந்தால், வேகும்போது அவை நீரை விடும். பணியாரம் அடியில் நசநசத்து, திருப்பும்போது உடையும். எனவே காய்கறியை மிகச் சிறிதாக நறுக்கி அல்லது துருவி, வெங்காயத்துடன் வாணலியில் உப்புச் சேர்த்து வதக்க வேண்டும். உப்பு நீரை வெளியேற்றும். அந்த நீர் முற்றிலும் வற்றும்வரை அடுப்பில் இருக்கட்டும். கீரையானால் வதக்கியபின் கரண்டியால் அழுத்திப் பிழிந்துவிடலாம். வெண்டையைத் தனியாக வதக்கி, வழவழப்பு நீங்கியபின் சேர்க்க வேண்டும். முருங்கைக்கீரைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. உருவி, கழுவி, நீர் வடித்துவிட்டு ஒரு நிமிடம் வதக்கினால் போதும்.

வதக்கியதை ஆறவிட வேண்டும். சூடான காய்கறியில் முட்டையை ஊற்றினால் அது அங்கேயே திரிந்துவிடும். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, நல்லதென்று உறுதியானபின் பெரிய பாத்திரத்தில் சேர்ப்பது பாட்டிமார் கடைப்பிடித்த வழக்கம். ஒரு கெட்ட முட்டை மற்ற மூன்றையும் வீணாக்காமல் அது தடுக்கிறது. நுரை பொங்க அடிக்கத் தேவையில்லை. அதிகம் அடித்தால் பணியாரம் அடுப்பில் உப்பி, தட்டுக்கு வந்ததும் அமுங்கிவிடும். மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் போதும்.

சட்டியை மிதமான தீயில் சூடாக்கி, குழிகளில் எண்ணெய் விட்டு, கலவையை முக்கால் பங்கு ஊற்றி மூடிவைக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் ஓரம் கெட்டிப்படும். கம்பியால் திருப்பிவிட்டு, மூடாமல் மேலும் இரண்டு நிமிடம் வைக்கலாம். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே பச்சையாகவே இருக்கும். நடுவில் ஒரு குச்சியைச் செருகி எடுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது. முட்டைக் கலவையின் உட்பகுதி 71 பாகை செல்சியஸை எட்டினால் சால்மோனெல்லா கிருமி அழிந்துவிடும். குச்சியில் எதுவும் ஒட்டாத நிலை வீட்டுக்குப் போதுமான அடையாளம்.

எண்ணெயே வேண்டாம் என்போர் சிறிய இட்லித் தட்டில் வேகவைக்கலாம். ஆவி கடுமையாக இருந்தால் முட்டை ரப்பர்போல் இறுகி நீர் கசியும். எனவே சிறு தீயில் எட்டு நிமிடம் அளவில் வைத்து எடுப்பது நல்லது. சுவையில் இது பணியாரத்துக்கு ஒரு படி கீழேதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன அளவில் மூன்று பணியாரங்கள் ஒரு முட்டைக்குச் சமம். தேங்காய் இல்லாமல் சுமார் 115 கலோரியும் 6 கிராம் புரதமும் கிடைக்கும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் அளவில் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் பரிந்துரைத்தன. ஆறு பணியாரம் உண்டால் பெண்ணின் தேவையில் நான்கில் ஒரு பங்கு முற்பகலிலேயே நிறைவேறும்.

காய்கறிக் கணக்கு அவ்வளவு எளிதில் முடியாது. நாளொன்றுக்குச் சுமார் 400 கிராம் காய்கறி தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல். மூன்று பணியாரங்களில் இருப்பதோ 50 கிராம் மட்டுமே. மேலும், வதக்கும்போது வைட்டமின் சி-யில் ஒரு பகுதி அழிந்துவிடுகிறது. ஆதலால் பக்கத்தில் வெள்ளரி, தக்காளி, கொய்யா இவற்றில் ஒன்றைப் பச்சையாக வைத்து, எலுமிச்சை பிழிந்து உண்ண வேண்டும். முட்டையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. எலுமிச்சையின் வைட்டமின் சி அதற்கும் துணைபுரிகிறது. இரத்தசோகை உள்ள பெண்களுக்கும் வளரிளம் பெண்களுக்கும் இந்தச் சிறு பழக்கம் முக்கியமானது.

படகில் எடுத்துச் செல்வோருக்கு

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தீவில் முட்டை விரைவில் பழையதாகிறது. குளிர்பதனப் பெட்டியில் வைப்பதைவிட வெளியில் வைத்தால் அதன் தரம் பல மடங்கு வேகமாகக் குறையும். நீரில் இட்டுப் பார்க்கும் சோதனை எளியது. புதிய முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். சற்றுப் பழையது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி உள்ளே காற்று கூடுவதே காரணம். ஆனால் இச்சோதனை முட்டையின் வயதை மட்டுமே காட்டும். கிருமி இருக்கிறதா என்பதை அதனால் அறிய முடியாது. குளிரிலிருந்து எடுத்த முட்டையை நெடுநேரம் வெளியில் விடுவதும் நல்லதன்று. ஓட்டின்மீது வியர்க்கும் நீர், கிருமிகள் உள்ளே புக வழி செய்யும்.

சமைத்த பணியாரத்தை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஸ்வராஜ் தீவுக்கு அரசுப் படகில் செல்லவே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகலாம். துறையில் காத்திருக்கும் நேரத்தையும் இதில் சேர்க்க வேண்டும். ஆகவே அதிகாலையில் செய்து பத்து மணிக்கு உண்ணலாம் என்று சுடச்சுட டப்பாவில் அடைப்பது ஆபத்து. மூடிய டப்பாவுக்குள் ஆவி நீராகி, உணவு வெதுவெதுப்பிலேயே நெடுநேரம் கிடக்கும். முந்தைய மாலை செய்து, ஆறவைத்து, இரவு முழுதும் குளிரில் வைத்து, பனிக்கட்டிப் பையுடன் எடுத்துச் செல்லலாம். அது இயலாதவர்கள் படகு ஏறுமுன் உண்டுவிடுவதே சிறந்தது. குளிரில் வைத்ததை மூன்று நாளுக்குள் உண்டு முடிக்க வேண்டும். உண்ணுமுன் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

முட்டையின் கொழுப்பு குறித்த அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2015-20 பதிப்பில் கைவிட்டன. உடல்நலமுள்ள பெரியவர்கள் நாளுக்கு ஒரு முட்டை உண்பதில் தவறில்லை என்பதே இன்று பரவலான கருத்து. சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கு நன்கு வெந்த முட்டையை உப்பில்லாமல், மிகச் சிறிய அளவில் தொடங்கலாம். முதல் சில முறை தடிப்பு, வீக்கம், வாந்தி தோன்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். மூச்சுத்திணறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.